படிப்பு 50,000, விளையாட்டு 34,000

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸில் ஆணி அதிகம். வீட்டில் அதைவிட அதிகம்.

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணினார். "அண்ணே, பையன் காலேஜ் சேரப் போறான். கேமிங் லேப்டாப் வேணுங்கான். இல்லாட்டி பிளேஸ்டேஷன் வேணுங்கான். நீங்கதான் இந்தக் கூத்தை ஏற்கனவே பாத்தவராச்சே, எதை வாங்கிக் குடுக்க?" அப்படின்னார். ஒரே வரியில் பதில் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. பாவம், அந்த மனுஷன் அடுத்து என்கிட்ட எதுவுமே கேட்க மாட்டார். அதான் இங்கே எழுதி வச்சிடலாம்னு. இனி யார் கேட்டாலும் லிங்க்கைக் கொடுத்துட்டு நான் எஸ்கேப் :-)

எங்க வீட்டுல இந்தக் கூத்து நடந்தது 2024 ஆகஸ்டில். மகளுக்குக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சது. நாங்க இருக்கிறது பாளையங்கோட்டை. அப்போ ஹாஸ்டல்தான். பக்கெட்டு, மக்கு, மெத்தை, பூட்டு, ஊறுகாய்னு தங்கமணி ஒரு லிஸ்ட் போட்டாங்க. அதுக்குக் கீழே மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். 'கேமிங் லேப்டாப் அல்லது பிஎஸ்5 + சாதா லேப்டாப் (பேசி முடிவு செய்யவும்)'.

பிராக்கெட்டைப் பார்த்தீங்களா? தாத்தா புத்தி. அவரைப் பத்திப் பின்னால சொல்றேன்.

பொண்ணுக்கு ஏது கேம்ஸ் பைத்தியம்னு கேட்பீங்க. என் தங்கச்சி வீடு தூத்துக்குடியில். அவ பையன்கிட்ட பிஎஸ்4 இருக்கு. ஒவ்வொரு லீவுக்கும் அங்கே போய், முதல்ல வேடிக்கை பார்த்து, அப்புறம் கெஞ்சி ஒரு ரவுண்டு ஆடி, கடைசியில் அந்தப் பையன் தாண்ட முடியாத இடத்தையெல்லாம் இவ தாண்டிக் கொடுக்கிற அளவுக்கு வந்துட்டா. "மாமா, இவளைக் கூட்டிட்டுப் போங்க, என் மானம் போகுது"ன்னு அவன் என்கிட்ட அழாத குறை.

சரி, பாயிண்டுக்கு வருவோம். நான் முதல்ல சாய்ஞ்சது கன்சோல் பக்கம்தான். காரணம் இருக்கு. கன்சோல்னா தலைவலி இல்லை. டிவியில் சொருகு, ஆடு. இந்த கேம் ஓடுமா ஓடாதா, டிரைவர் அப்டேட் பண்ணணுமாங்கிற பேச்சே கிடையாது. பிஎஸ்4 வந்தது 2013-ல், பிஎஸ்5 வந்தது 2020-ல். ஏழு வருஷம் ஒரே பெட்டியை நம்பி ஆட்டம் செஞ்சு கொடுத்திருக்காங்க. லேப்டாப் அப்படியில்லை. இன்னிக்கு அமர்க்களமா ஓடும், மூணு வருஷம் கழிச்சு புது கேமைப் போட்டா மூச்சு வாங்கும். அதுவும் சில கேம் கன்சோலுக்குத்தான் முதல்ல வரும். ஜிடிஏ 5 கன்சோலில் வந்தது 2013 செப்டம்பர். கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரல். ஒண்ணரை வருஷத்துக்கு மேல காத்துக் கிடந்த கோஷ்டியில் அடியேனும் ஒருத்தன்.

(ஆமா, அப்பனும் ஆடுவான். அதுவும் பின்னால வருது.)

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தப்போ 49,990 ரூபாய். 2024 ஏப்ரலில் ஸ்லிம் மாடல் வந்தப்போ டிஸ்க் போடுறது 54,990, டிஸ்க் டிரைவ் இல்லாம வர்ற டிஜிட்டல் 44,990. பத்தாயிரம் மிச்சம்னு டிஜிட்டலுக்குப் பாயாதீங்க. டிஸ்க் மாடல்னா பழைய டிஸ்க்கைக் குறைஞ்ச விலைக்கு வாங்கி, ஆடி முடிச்சிட்டு இன்னொருத்தர் தலையில் கட்டலாம். டிஜிட்டல்ல அந்த வியாபாரம் நடக்காது. புதுசா வந்த பெரிய கேம் சிலது அப்போ 4,999 ரூபாய். காசு கொடுத்து வாங்கின கேமை ஆன்லைனில் மத்தவங்களோட ஆடணும்னா அதுக்குத் தனியா சந்தா.

இதெல்லாம் போக, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் எப்படியும் வேணும். அது ஒரு 50,000. ஆக மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டுது. நான் மனசுக்குள்ள வச்சிருந்த எல்லை 85,000.

"கன்சோல் வீட்டுலயே இருக்கட்டும் பாப்பா. தீபாவளி, பொங்கல், செமஸ்டர் லீவுன்னு வரும்போது ஆடிக்கோ. ஹாஸ்டலுக்குச் சாதா லேப்டாப்பைக் கொண்டு போ. ரிமோட் ப்ளேன்னு ஒண்ணு இருக்காம், இங்க ஓடுற பிஎஸ்5-ஐ அங்கேருந்தே லேப்டாப்ல ஆடலாமாம்" அப்படின்னு ஒரு ஐடியாவை எடுத்து விட்டேன்.

"ப்பா, ரிமோட் ப்ளேக்கு அஞ்சு எம்பிபிஎஸ் நெட் கண்டிப்பா வேணும். பதினஞ்சு இருந்தாத்தான் சுகமா ஆடலாம். ஹாஸ்டல் வைஃபையை ஒரு மாடியில 60 பேர் பிடிச்சுத் தொங்குவாங்களாம், சீனியர் அக்கா சொன்னாங்க. அப்புறம், நான் கோயம்புத்தூர்ல இருக்கும்போது இங்க பெட்டியை யார் ஆடுவா?"

எட்டாவது படிக்கிற என் மகன் அந்த நேரம் பார்த்துத் தலையைக் குனிஞ்சு சிரிச்சான்.

"அப்போ ஹாஸ்டலுக்கே கொண்டு போயேன்."

"டிவி? காமன் ஹால்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வார்டன் மேடம் சீரியல் பாக்குற டிவியில நான் போய் காட் ஆஃப் வார் ஆடவா?"

கன்சோல் கதை அத்தோட முடிஞ்சது. யோசிச்சுப் பாருங்க, ரூமுக்கு மூணு பேர், ஆளுக்கு ஒரு பிளக் பாயிண்ட், ஒரு மேசை. மானிட்டர் தனியா வாங்கினாலும் வைக்க இடம் கிடையாது. வருஷா வருஷம் ரூம் மாத்துவாங்க, அத்தனையையும் தூக்கிக்கிட்டு அலையணும். தனி வீடு எடுத்துத் தங்குற பசங்களுக்கு வேணா கன்சோல் சரி. ஹாஸ்டல் பிள்ளைக்கு மடக்கி வைக்கிற பொருள்தான் சரி. இன்னொண்ணும் சொன்னா. பிளேஸ்டேஷனுக்குன்னே செஞ்ச கேம்களும் பின்னாடி கம்ப்யூட்டருக்கு வந்துடுதாம். காட் ஆஃப் வார் 2022 ஜனவரியில் வந்தது, ஸ்பைடர்மேன் அதே வருஷம் ஆகஸ்டில். "கொஞ்சம் காத்திருந்தா ஸ்டீம் தள்ளுபடியில பாதி விலைக்குக் கிடைக்கும்ப்பா. காத்திருக்க எனக்குத் தெரியும்."

சரின்னு லேப்டாப் பார்க்க வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். அங்கேதான் எனக்குச் சனி பிடிச்சது.

கடைத் தம்பி நல்லா பேசினார். மகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். எனக்குப் புதுசா இருந்த விஷயம், ஒரே பேருள்ள கிராபிக்ஸ் கார்டு எல்லா லேப்டாப்பிலும் ஒண்ணு கிடையாது. ஆர்டிஎக்ஸ் 4050-னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆனா ஒரு கம்பெனி அதுக்கு 60 வாட் கொடுத்திருப்பான், இன்னொருத்தன் 95 வாட் கொடுத்திருப்பான். வாட் குறைஞ்சா வேகமும் குறையும். ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினா நாமம்தான். அப்புறம் கார்டுக்கு உள்ளேயே இருக்கிற மெமரி. 3050-ல் நாலு ஜிபிதான் நிறைய மாடலில், 4050-ல் ஆறு. புது கேமுக்கெல்லாம் நாலு பத்தாது. பின்னால மாத்திக்கலாம்னாலும் முடியாது, அது மதர்போர்டோட சேர்த்து ஒட்டினது. ராம் மட்டும் பல மாடலில் கூட்டிக்கலாம்.

எல்லாம் சொல்லி முடிச்சிட்டு கடைத் தம்பி என்னைப் பார்த்தார். வாங்கப் போறது பொண்ணு, காசு கொடுக்கப் போறது நான்னு அவருக்குத் தெரியாதா? "சார், இது கேமிங்குக்குன்னு நினைக்காதீங்க. இப்போ எல்லாம் ஏஐ. கிராபிக்ஸ் கார்டு இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவே முடியாது. படிப்புக்குத்தான் சார் இது" அப்படின்னார்.

நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். அது முழு உண்மை இல்லைன்னு எனக்குத் தெரியும். முதல் வருஷம் சி, பைத்தான். அதுக்கு எந்த லேப்டாப்பும் போதும். ஆண்ட்ராய்டு ஆப் செய்யணும்னா 16 ஜிபி ராம் இருந்தா நல்லது, அதுக்கும் கார்டு வேணாம். மூணாவது வருஷம் மெஷின் லேர்னிங் வந்தா கார்டு உதவும், இல்லாட்டியும் கூகுள் கோலாப்னு ஓசியில் இருக்கு. எல்லாம் தெரியும். ஆனா அந்தத் தம்பி அப்படிச் சொன்னதும் மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்தது பாருங்க... அது எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. என் குரல்தான்.

இப்போ கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன்.

1999. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை. "ப்பா, வீட்ல கம்ப்யூட்டர் இருந்தாத்தான் புரோகிராம் போட்டுப் பழக முடியும். லேப்ல வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் விடுதாங்க" அப்படின்னு கேட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. ஒரு மாசம் கழிச்சு பி.எஃப். லோன் போட்டு 42,000 ரூபாய் எடுத்துட்டு வந்தார். ஓட்டை டிவிஎஸ் 50-ஐ மாத்துறேன்னு சொல்லிட்டிருந்தவர், அதை இன்னும் மூணு வருஷம் ஓட்டினார்.

64 எம்பி ராம், 14 இன்ச் மானிட்டர், விண்டோஸ் 98. மறுநாளே நண்பன் ஒரு சிடி கொண்டு வந்தான். ரோட் ரேஷ். அப்புறம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். நான் புரோகிராம் போட்டேனா? போட்டேன், பரீட்சைக்கு முந்தின ராத்திரி. மத்த நாளெல்லாம் டர்போ சி-யைப் பின்னால திறந்து வச்சிருப்பேன். மாடிப்படியில் அப்பா செருப்புச் சத்தம் கேட்டதும் ஆல்ட், டேப். நீலத்திரையில் மஞ்சள் எழுத்து வந்து நிக்கும். அப்பா கதவைத் திறந்து, திரையைப் பார்த்து, காபி டம்ளரை மேசை ஓரமா வச்சிட்டு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சத்தமில்லாமக் கதவைச் சாத்திட்டுப் போவார்.

அந்த சத்தமில்லாமச் சாத்துறது இருக்கே... அதை நினைச்சா இன்னிக்கும் ஒரு மாதிரி ஆகுது.

அந்த செமஸ்டர் ரெண்டு அரியர். கேள்வித்தாள் கஷ்டம்னு சொன்னேன். நம்பினார்.

கொசுவர்த்தி போதும். 2024-க்கு வருவோம்.

கடையிலேருந்து விலையைக் கேட்டுட்டு வந்தோம். நாங்க தேர்ந்தெடுத்த மாடல் 84,000. என் கையில் அப்போ அவ்வளவு இல்லை, காலேஜ் பீஸ் கட்டி முடிச்ச நேரம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அப்பாவே பேச்சை எடுத்தார். அவருக்கு இப்போ 78 வயசு. பென்ஷன் பாஸ்புக்கைக் கையில் வச்சுக்கிட்டு, "பாப்பாக்கு கம்ப்யூட்டர் எவ்வளவு ஆகுது? நான் தாரேன்" அப்படின்னார்.

"84,000ப்பா."

"அம்புட்டு ஆகுமா? எதுத்த வீட்டுப் பய நாப்பத்தஞ்சுக்கு வாங்குனதா சொன்னானே."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமா யோசிச்சுச் சொல்லலை, தானா வந்தது. "இப்போ எல்லாம் ஏஐப்பா. கிராபிக்ஸ் கார்டு இல்லாம இந்தப் படிப்பு படிக்க முடியாது. படிப்புக்குத்தாம்ப்பா."

25 வருஷம் கழிச்சு, அதே மனுஷன்கிட்ட, அதே பொய். ஆல்ட், டேப் அடிச்ச மாதிரி.

மகள் என்னையே பார்த்தாள். அவளுக்கு 1999 கதை தெரியாது. ஆனா கடைத் தம்பி சொன்னப்போ நான் பல்லைக் கடிச்சதைப் பார்த்திருக்கா. தட்டைக் கீழே வச்சிட்டுச் சொன்னாள்.

"தாத்தா, அப்பா சொல்றது பாதிதான். படிப்புக்கு 50,000 ரூபா லேப்டாப் தாராளமாப் போதும். மீதி 34,000 நான் விளையாடுறதுக்கு."

வீடே அமைதி. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் போட முடியாது. அப்பா பாஸ்புக்கை மூடினார். எழுந்து கை கழுவிட்டு வாசலுக்குப் போய் சேரில் உட்கார்ந்துட்டார். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்திருந்தார். பேசப் பயமா இருந்தது, நான் போய்ப் படுத்துட்டேன்.

உள்ளே மகள் தங்கமணிகிட்ட சொல்லிட்டிருந்தது காதில் விழுந்தது. "படிப்புக்குன்னு சொல்லி வாங்கிட்டா, ஒவ்வொரு தடவை விளையாடும்போதும் திருடுற மாதிரி இருக்கும்மா. அது எனக்கு வேணாம். சாதா லேப்டாப்பே வாங்கிக்கிறேன்."

எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் காலையில் அப்பா பேப்பர் படிச்சிட்டிருந்தார். மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. நீ கேக்கற பொட்டி எத்தன வாட்டு?"

அவர் மின்வாரியத்துக்காரர். கேட்டா இதைத்தான் கேட்பார் :-)

"அடாப்டர் 200 வாட் தாத்தா. எப்பவும் அவ்வளவு இழுக்காது."

"டிவியில மாட்டுறதுன்னு சொன்னியே, அது?"

"விளையாடும்போது அதுவும் சுமாரா 200 தான். டிவி கரண்ட் தனி."

"அப்ப அஞ்சு மணி நேரம் ஆடுனா ஒரு யூனிட்டு. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஆடுவ?"

"ரெண்டு மணி நேரம் தாத்தா. சனி ஞாயிறு கூடும். பரீட்சை நேரத்துல ஆட மாட்டேன்னு சொல்லணும்னு ஆசைதான், ஆனா சொல்ல முடியலை."

அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நான் தூத்துக்குடி ஆபீசுல இருந்தப்போ சாயங்காலம் ரிக்ரியேஷன் கிளப்புல கேரம் ஆடுவேன். ஏழரை, எட்டு மணி ஆயிரும். உங்க ஆச்சிகிட்ட, மார்ச் மாசக் கணக்கு முடிக்கோம், லேட்டாயிட்டுன்னு சொல்லுவேன்."

அடுப்படியிலேருந்து அம்மா குரல். "வருஷத்துல பன்னெண்டு மாசமும் மார்ச்சாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்."

அப்பா அதைக் காதில் வாங்காத மாதிரி தொடர்ந்தார். "ஆடுனது தப்பில்லட்டி. கணக்குல எழுதாம ஆடுனதுதான் தப்பு. அந்த டைரிய எடு."

அப்பாவுக்கு ஒரு பழக்கம். வருஷா வருஷம் எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுக்கிற டைரியில் வீட்டுச் செலவு பூராவும் எழுதுவார். தீப்பெட்டியிலேருந்து எழுதுவார். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு உண்டு. உணவு, மருந்து, கோயில், சீர், படிப்பு. மகள் டைரியை எடுத்துக் கொடுத்தாள். அவர் பேனாவைத் திறந்து நிதானமா எழுதினார்.

பாப்பா கம்ப்யூட்டர். படிப்பு: 50,000. விளையாட்டு: 34,000.

'விளையாட்டு'ங்கிற தலைப்பு எங்க அப்பா டைரியில் வந்தது எனக்குத் தெரிஞ்சு அதுதான் முதல் தடவை. நான் காபி டம்ளரோட கதவோரம் நின்னுட்டிருந்தேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டு, மறுபடி பேப்பரை எடுத்துட்டார்.

அவ்வளவுதாங்க. லேப்டாப் வாங்கினோம்.

அப்புறம் எப்படின்னு கேட்பீங்க. குறையையும் சொல்லணும் இல்லையா? லேப்டாப்பும் அடாப்டரும் சேர்ந்து கிட்டத்தட்ட மூணு கிலோ. தோள் வலிக்குதுன்னு ரெண்டாவது மாசத்திலேருந்து கிளாசுக்குத் தூக்கிட்டுப் போறதை விட்டுட்டா, லேப் இருந்தா மட்டும்தான். பேட்டரியில் நோட்ஸ் எடுத்தா நாலு மணி நேரம் தாங்குது, கேம் போட்டா ஒரு மணி நேரம், அதுவும் வேகம் பாதிதான். பிளக் இல்லாம கேமிங் லேப்டாப் பாதி லேப்டாப். ஃபேன் சத்தம் மிக்சி மாதிரி கேட்டு, ஸ்டடி அவர்ல வார்டன் ரூமுக்குள்ள வந்து "யாரும்மா சட்னி அரைக்கிறது?"ன்னு கேட்டாங்களாம். இப்போ ஹெட்போன், அடியில் ஒரு ஸ்டாண்ட், தூசி அடைக்காம அப்பப்போ பிரஷ் வச்சுத் துடைக்கிறது எல்லாம் பழகிட்டா.

நல்லது என்னன்னா, ரூம்ல இருக்கிற மத்த ரெண்டு பிள்ளைகளும் இதுவரைக்கும் கேமே ஆடாதவங்க. ரெண்டு பேர் சேர்ந்தே ஆட வேண்டிய ஒரு கேமை இவ போட்டு, பழைய கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கி, ஞாயித்துக்கிழமை ஆளுக்கு ஒரு ரவுண்டு. வீட்டை நினைச்சு முதல் மாசம் பூரா அழுதிட்டிருந்த ஒரு பிள்ளை அதுக்கப்புறம்தான் சாப்பிடவே ஆரம்பிச்சதாம்.

முதல் செமஸ்டரில் கணக்குப் பேப்பரில் அரியர். ரிசல்ட் வந்த அன்னிக்கு அவளே போன் பண்ணினா. எனக்கில்லை, தாத்தாவுக்கு. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "தாத்தா, ஒண்ணு போச்சு. கேள்வி கஷ்டமில்லை. கடைசி வாரம் விளையாட்டு அதிகமாயிட்டு." அப்பா திட்டலை. "சரி, அடுத்த தடவ எழுதிரு. அந்த வாரம் எத்தன மணி நேரம் ஆடுன, எழுதி வச்சியா?"ன்னு மட்டும் கேட்டார். எழுதி வச்சிருந்தாளாம். அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிட்டா.

என் ரெண்டு அரியரை நான் எப்படிச் சொன்னேன்னு மேலே படிச்சீங்க இல்லையா? அந்த போனைக் கேட்டுட்டு நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

ஆக, நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில். ஹாஸ்டல்னா லேப்டாப். வாட் என்னன்னு கேளுங்க, கார்டில் ஆறு ஜிபிக்குக் குறையாமப் பாருங்க, ராம் 16 இருக்கட்டும், தூக்கிப் பார்த்து வாங்குங்க. தனி வீடு, டிவி இருக்கு, படிப்புக்கு வேற ஒரு லேப்டாப் ஏற்கனவே இருக்குன்னா கன்சோல், அதுவும் டிஸ்க் போடுற மாடல். எது வாங்கினாலும் பையனை உட்கார வச்சு, இதில் படிப்புக்கு எவ்வளவு, விளையாட்டுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. அவன் வாயாலயே சொல்லட்டும். கன்சோல்ல அந்தச் சிக்கலே கிடையாது, அது விளையாட்டுப் பெட்டின்னு ஊருக்கே தெரியும். லேப்டாப்லதான் ஒளிஞ்சுக்க இடம் நிறைய. அனுபவஸ்தன் சொல்றேன்.

கடைசியா ஒண்ணு. போன மாசம் பரணைச் சுத்தம் பண்ணினப்போ அப்பாவோட பழைய டைரிகள் ஒரு மூட்டை கிடைச்சது. 1999-ஐத் தேடி எடுத்தேன். செப்டம்பரில் ஒரு பக்கம். 'தம்பி கம்ப்யூட்டர். படிப்பு: 42,000.' நீல மையில், அடியில் ரெண்டு கோடு போட்டிருக்கார்.

கணக்குப் பிரிவில் தப்பான தலைப்பில் எழுதிட்டா அழிக்க மாட்டாங்களாம். இன்னிக்குத் தேதி போட்டு, திருத்தம்னு புதுசா ஒரு வரி எழுதுவாங்களாம். அப்பாதான் ஒரு தடவை சொன்னார்.

டைரி இப்போ என் மேசை டிராயரில் இருக்கு. அப்பா வாசலில் பேப்பர் படிச்சிட்டிருக்கார். படிப்புக்கு ஒரு 5,000 போட்டுக்கலாம், அதுக்கு மேல மனசாட்சி இடம் கொடுக்கலை. மீதி 37,000-த்தை எந்தத் தலைப்பில் எழுதணும்னு தெரியும். எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி நிக்கத்தான் இன்னும் தைரியம் வரலை.

இந்த ஞாயித்துக்கிழமை போகணும்.